ஜெபக்குழு தொடங்கும் முன் யாரும் எனக்குச் சொல்லாதவை

போன மாதம் தேவகோட்டைப் பக்கம் உள்ள ஒரு சபையிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். "டீச்சர், எங்கள் ஆயர் ஐயா ஒரே நேரத்தில் ஆறு வீட்டு ஜெபக்குழுக்களைத் தொடங்கச் சொல்கிறார். பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார். நீங்கள் இதைச் செய்தவர் என்றார்கள், எப்படித் தொடங்குவது?" என்று கேட்டார். அவரோடு வெகுநேரம் பேசினேன். வைத்த பிறகும் சொல்லாமல் விட்டவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. சில ஆண்டுகளுக்கு முன்பு காரைக்குடி வட்டாரத்தில் எங்கள் சபைக்காக மூன்று குழுக்களைத் தொடங்கியவள் நான். அவற்றில் இன்று நடப்பது ஒன்று. மற்ற இரண்டும் கலைந்து முடிந்தபோது என் ஓய்வூதியப் பணத்தில் 80,000 ரூபாய்க்கு மேல் போயிருந்தது. நெடுநாள் பழகிய இரண்டு குடும்பங்கள் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தன. பணத்தை விட்டுவிடலாம், அந்த முகங்களை இன்றும் மறக்க முடியவில்லை. எனக்கு முன்னால் யாராவது இதையெல்லாம் எடுத்துச் சொல்லியிருந்தால் பாதித் துன்பமாவது குறைந்திருக்கும் என்பதால்தான் எழுதுகிறேன்.

குழு வேண்டும் என்ற எண்ணம் நியாயமானது. அதில் இப்போதும் எனக்குச் சந்தேகமில்லை. எங்கள் ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் நகரத்துக்குள் இருப்பவர்கள் அல்லர். கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல், கானாடுகாத்தான் என்று சிதறிக் கிடக்கிறார்கள். புதுவயல் அரிசி ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள் உண்டு, ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறைக்குப் போகிறவர்கள் உண்டு, கல்யாணச் சமையலுக்குப் போகிறவர்கள் உண்டு. பிள்ளைகள் சிங்கப்பூரில் இருக்க, இங்கே தனியாக வாழும் முதியவர்களும் பலர். பள்ளத்தூரில் ஒரு பாட்டி மருத்துவமனையில் படுத்து வீடு திரும்பிய பிறகுதான் சபைக்கே செய்தி தெரிந்தது. "என்னைத் தேட ஒருவரும் இல்லையா?" என்று அவர் கேட்ட கேள்வி எங்கள் எல்லோரையும் உலுக்கியது.

அந்தச் சமயத்தில் புதிதாக வந்திருந்த ஆயர் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய் வந்தார். தென்கொரியாவின் சியோலில் யோங்கி சோ என்ற போதகர் 1964இல் வேலைப்பளுவால் உடல் குலைந்து விழுந்ததையும், அதன் பிறகு பெண்களைத் தலைவர்களாக வைத்து வீட்டுக் குழுக்களைத் தொடங்கியதையும், அந்தச் சபை உலகின் மிகப்பெரிய சபைகளில் ஒன்றாக வளர்ந்ததையும் பிரசங்கத்தில் சொன்னார். இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கூட்டத்தார் 1742இல் பிரிஸ்டல் நகரில் தொடங்கிய வகுப்புகளையும் சொன்னார். சபைக் கட்டடத்தின் கடனை அடைக்கப் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று பிரித்து, வாரம் ஒரு பென்னி வசூலிக்கப் போனவர்கள், ஒவ்வொரு வீட்டின் உண்மை நிலையையும் நேரில் கண்டார்கள். வசூல், விசாரிப்பாக மாறியது. எனக்கு அந்தக் கதை மிகவும் பிடித்துப்போனது. நம் தமிழ் மண்ணுக்கும் இது அந்நியமானதல்ல. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு, ஸ்பேனர் என்ற ஜெர்மானியப் போதகர் 1670இல் பிராங்க்பர்ட்டில் தொடங்கிய வீட்டுக் கூட்டங்களிலிருந்து வளர்ந்த 'பயட்டிசம்' என்ற கிறிஸ்தவ பக்தி இயக்கத்தைச் சேர்ந்தவர்.

அடுத்த ஞாயிறே மூன்று குழுக்கள் அறிவிக்கப்பட்டன: பள்ளத்தூர், புதுவயல், கோட்டையூர். ஓய்வுபெற்ற ஆசிரியை, நேரம் இருக்கிறது என்பதால் மூன்றுக்கும் நான் பொறுப்பு. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு உதவியாக யார், எனக்கு உடல்நலம் இல்லாவிட்டால் யார் நடத்துவது, செலவு யாருடையது, எத்தனை காலத்துக்கு என்று எதுவும் பேசப்படவில்லை. கமிட்டித் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. அந்த ஒரு வரி இல்லாததன் விலை பிறகுதான் தெரிந்தது.

பள்ளத்தூர்க் குழு ஒரு பழைய வளவு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்த எங்கள் சபைக் குடும்பத்தில் கூடியது. செட்டிநாட்டு வீடுகளின் அமைப்பு வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். முகப்பு ஒரு தெருவில் என்றால் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் அறைகள். அந்த வீடு ஒருவருடையதாக இருப்பது அரிது. ஒரே வீட்டில் பல பங்காளிகளுக்கு உரிமை இருக்கும். ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில், ஒருவர் கோயம்புத்தூரில் என்று இருப்பார்கள். வாடகைக்கு விட்டவர் தொலைபேசியில் "ஜெபம்தானே, செய்துகொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார். அது போதும் என்று நாங்கள் இருந்தோம்.

சில மாதங்கள் நன்றாகப் போயின. ஒருநாள் பங்காளிகள் படைப்புக்காக வந்து இறங்கினார்கள். முன்னோர்களுக்குப் படைப்பதற்காக ஆண்டுக்கொருமுறை எங்கிருந்தாலும் அந்த வீட்டுக்கு வந்து கூடுவது அவர்கள் வழக்கம். முற்றத்துச் சுவரில் எங்கள் வசனத் துணிப்பதாகை தொங்கியது. மூலையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியிருந்தன. வயதான ஓர் ஆச்சி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "இது எங்கள் ஐயா வாழ்ந்த வீடு. பூட்டிக் கிடந்தாலும் எங்களுக்குக் கோயில்தான். ஒரு வார்த்தை எங்கள் எல்லோரிடமும் கேட்டிருக்கலாமே, டீச்சர்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் வாடகைக்கு விட்டவருக்கும் மற்ற பங்காளிகளுக்கும் நடுவில் இருந்த பழைய மனத்தாங்கல் எங்கள் குழுவின்மேல் வந்து விழுந்தது. ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்யும்படி அந்தக் குடும்பத்துக்குச் சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடம் நடக்கும் நேரத்தில் இரண்டு பிள்ளைகளோடு அவர்கள் வீடு தேடி அலைந்தார்கள். புதிய வீட்டு முன்பணம் 30,000 ரூபாயை நான் கொடுத்தேன். பணத்தை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அந்த வீட்டு அம்மா அதற்குப் பிறகு என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

ஆகவே, வாடகை வீட்டில் குழு வைக்காதீர்கள். வேறு வழியே இல்லையென்றால் உரிமையாளர்கள் எத்தனை பேர் என்று முதலில் விசாரியுங்கள். அத்தனை பேரின் சம்மதமும் இல்லாமல் பாயை விரிக்காதீர்கள். ஒரே வீட்டில் தொடர்ந்து கூடாமல் வாரம் ஒரு வீடாக மாற்றிக்கொண்டே இருங்கள். அப்போது விருந்தாளிகள் வந்து போவது போலத்தான் அக்கம்பக்கத்துக்கும் தெரியும். பதாகை வேண்டாம், பெயர்ப்பலகை வேண்டாம். முதல் கூட்டத்துக்கு முன் பக்கத்து வீடுகளுக்கு நீங்களே நேரில் போய் எந்த நாள், எத்தனை மணி வரை என்று சொல்லிவிட்டு வாருங்கள். இரு சக்கர வாகனங்களை அவர்கள் வாசலில் நிறுத்தக் கூடாது. ஒலிபெருக்கியைத் தொடவே கூடாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அதற்குச் சட்டப்படியே தடை. மற்ற நேரத்திலும் அனுமதி வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று 9,000 ரூபாய்க்கு நான் வாங்கிய ஒலிபெருக்கிப் பெட்டி இன்னும் என் வீட்டுப் பரணில் இருக்கிறது. பதினைந்து பேர் பாட அது எதற்கு? காரைக்குடியில் மாசி, பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழா நடக்கும்போது தெரு முழுவதும் விரதத்தில் இருக்கும், பால்குடம் புறப்படும். அந்த நாட்களில் அந்தத் தெருக்களை விட்டுவிட்டு வேறு இடத்தில் கூடுகிறோம். இதைப் பயந்து செய்வதாக யாரும் எண்ண வேண்டாம், பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்கும் மரியாதை அது.

நாள் குறிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆவணி, ஐப்பசி, தை, வைகாசி என்று முகூர்த்தம் நெருங்கிவிட்டால் சமையல் வேலைக்குப் போகும் குடும்பங்கள் இரவு பகலாக வீட்டில் இருக்காது. வைகாசியில் தொடங்கிய குழுவுக்கு ஆள் வரவில்லை என்று ஆயர் வருத்தப்பட்டார். வந்திருக்க வேண்டியவர்கள் யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார்கள். ஆடியில் கல்யாணம் இல்லை, அப்போது தொடங்கலாம். அதைவிட நல்லது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து காலம். வீடு வீடாகக் கூடி ஜெபிக்கும் பழக்கம் அந்த நாற்பது நாட்களில் ஏற்கெனவே நம் சபைகளில் இருக்கிறது, புதிதாக யாரையும் வற்புறுத்த வேண்டியதில்லை. கடைசிப் பஸ் நேரத்தைக் கேட்டுக்கொண்டுதான் முடிக்கும் நேரத்தை முடிவு செய்ய வேண்டும். ஜெபம் நீண்டு பஸ் போய்விட்டால் ஆட்டோக் கூலி யார் தலையில் விழும் என்று சொல்லத் தேவையில்லை.

சாப்பாட்டு விஷயம் சிறியதாகத் தோன்றும், ஆனால் குழுவை உள்ளிருந்தே அரிப்பது அதுதான். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்ப மனம் வராது. முதல் வீட்டில் தேநீர் கொடுத்தார்கள். அடுத்த வீட்டில் தேநீரோடு வடை. அதற்கடுத்த வீட்டில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும். பிறகு ஒரு வீட்டில் இடியாப்பமும் கோழிக் குழம்பும் வந்தன. அதன் பிறகு அரிசி ஆலையில் கூலிக்குப் போகும் ஓர் அம்மா, தன் வீட்டு முறை வருவதற்கு முன்பே வருவதை நிறுத்திவிட்டார். காரணத்தை அவர் சொல்லவே இல்லை. நான் தேடிப் போய்ப் பேசியபோதுதான், "எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் செய்ய முடியாதே, டீச்சர்" என்று கண் கலங்கினார். சுக்குக் காப்பி மட்டும், வேறு எதுவும் கூடாது என்று முதல் நாளே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள். வசதியுள்ள வீட்டார்தான் அதை முதலில் கடைப்பிடிக்க வேண்டும்.

இனி புதுவயல். இதை எழுதுவதுதான் எனக்குக் கடினம். அங்கே வந்துகொண்டிருந்த ஒரு பெண் அருமையாகப் பாடுவார். கீர்த்தனைகள் எல்லாம் மனப்பாடம். அவர் ஒரு கிறிஸ்துமஸ் சீட்டு தொடங்கினார். மாதம் 500 ரூபாய் கட்டினால் டிசம்பரில் துணி, பலகாரச் சாமான்களோடு பணமும் கிடைக்கும் என்றார். நம் ஊர்களில் பண்டிகைச் சீட்டு எல்லோருக்கும் பழக்கமானது, அதனால் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. கடைசி ஆமென் சொன்ன கையோடு அதே பாயில் உட்கார்ந்து வசூலிப்பார். சிலர் இரண்டு பங்கு, மூன்று பங்கு கட்டினார்கள். நான் பெரும்பாலும் அடுத்த ஊர்ப் பஸ்ஸைப் பிடிக்க முன்னதாகவே எழுந்துவிடுவேன். நவம்பரில் ஒரு நாள் அவர் வீடு பூட்டிக் கிடந்தது. திருப்பூருக்குப் போய்விட்டார் என்றார்கள். கைப்பேசி எடுக்கப்படவில்லை. ரசீது இல்லை, சிறிய நோட்டில் அவர் போட்ட கையெழுத்து மட்டும்தான்.

அந்தப் பெண்கள் என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். "டீச்சர் நடத்தும் குழு என்பதால்தான் நம்பிக் கட்டினோம்" என்றார்கள். ஆலையில் உமித் தூசியைத் தின்று சம்பாதித்த பணம் அது. நான் கமிட்டியிடம் போனேன். இது சபைக் கணக்கில் இல்லாத விஷயம், தீர்மானப் புத்தகத்தில் அந்தக் குழுவே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். குழுவை அறிவித்த ஆயர் அந்த மே மாதமே மாறுதலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் நல்லவர்தான். ஆனால் அவருக்கு முன்கதை எதுவும் தெரியாது, எழுத்தில் காட்ட என்னிடமும் எதுவும் இல்லை. மிகவும் நொடிந்துபோயிருந்த குடும்பங்களுக்கு மட்டும் நான் 40,000 ரூபாய் வரை கொடுத்தேன். மற்றவர்கள் இழந்ததுதான். அதிலும் ஒரு குடும்பம், அவர்களுக்குக் கொடுத்தாய், எங்களுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று என்னோடு பேசுவதை விட்டது. அந்த டிசம்பரில் கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாட வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு, யாரிடமும் கைகொடுக்காமல் வீட்டுக்கு வந்தேன். பல வாரம் கர்த்தரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: என்னை ஏன் தனியாக விட்டீர்?

யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தை அப்போதுதான் மெதுவாக உட்கார்ந்து படித்தேன். மோசே காலை முதல் மாலை வரை தனியாக நியாயம் விசாரிப்பதைப் பார்த்த மாமனார் எத்திரோ, இது நல்லதல்ல, நீரும் உம்மோடிருக்கும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்கிறார். ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்குத் தலைவர்களை ஏற்படுத்தச் சொல்லும் அந்தப் பகுதியை எல்லாப் பயிற்சி முகாம்களிலும் சொல்கிறார்கள். எப்படிப்பட்டவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அவர் சொன்னதை யாரும் நிறுத்திப் படிப்பதில்லை. தேவனுக்குப் பயந்தவர்களாக, உண்மையுள்ளவர்களாக, பொருளாசையை வெறுக்கிறவர்களாக இருக்க வேண்டும் என்கிறார். பாட்டுத் திறமையைப் பற்றி அங்கே ஒரு சொல்கூட இல்லை. குழுவில் சீட்டு, கடன், கைமாற்று, புடவை வியாபாரம், காப்பீடு விற்பனை எதுவும் நடக்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லுங்கள். மாதம் ஒருமுறை திரும்பவும் சொல்லுங்கள். 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டு நடத்த அரசின் முன் அனுமதியும் பதிவும் வேண்டும். ஜெபம் முடிந்த பாயில் நோட்டை விரிப்பவரிடம் அது இருக்காது. குழுவில் காணிக்கையும் எடுக்காதீர்கள். கொடுக்க நினைப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் கொடுக்கட்டும், அங்கே கணக்கு இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, அது பணத்தைவிட ஆழமாகக் காயப்படுத்தும். ஒரு தாய் தன் மகளின் சிகிச்சைக்காக ஜெபிக்கும்படி குழுவில் அழுது சொன்னார். நல்லெண்ணத்தில் ஒருவர் அதை ஜெபக் குறிப்பாக வாட்ஸ்அப்பில் போட்டார். அங்கிருந்து அது எங்கெங்கோ போய், பேசி முடிக்கும் நிலையில் இருந்த அந்தப் பெண்ணின் சம்பந்தம் நின்றுபோனது. அந்தத் தாய் மறுபடி எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்கவில்லை. இப்போது எங்கள் வழக்கம் இது: குழுவில் சொன்னது குழுவோடு. வாட்ஸ்அப்பில் கூடும் இடமும் நேரமும் மட்டும் வரும். நோயின் பெயரோ வீட்டுப் பிரச்சினையோ வராது. சொன்னவரே கேட்டுக்கொண்டால்தான் ஆயரிடமும் சொல்வோம்.

கோட்டையூர் ஏன் நிலைத்தது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அங்கே நான் தேவைப்படவே இல்லை. தையல் கடை வைத்திருக்கும் ஒருவரும், செவிலியராக இருக்கும் ஒருவரும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து நடத்தினார்கள். ஒருவருக்கு இரவுப் பணி என்றால் மற்றவர் பார்த்துக்கொண்டார். இயேசு சீஷர்களை இரண்டிரண்டு பேராக அனுப்பினார். பவுல் ரோமாபுரிக்கு எழுதும்போது வாழ்த்துச் சொல்லும் வீட்டுச் சபை பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா என்ற இருவருடையது. இதை எத்தனையோ முறை படித்தும் நமக்கு உறைப்பதில்லை, ஒருவர் பெயரை மட்டும் அறிவித்துவிட்டுக் கை தட்டுகிறோம். கோட்டையூரில் மூன்றாவதாக ஒருவருக்கு மாதம் ஒரு வாரம் வேதபாடம் நடத்தக் கொடுப்பார்கள். அவர் தடுமாறினாலும் இடையில் புகுந்து திருத்த மாட்டார்கள், போகும் வழியில் மெதுவாகப் பேசிக்கொள்வார்கள். பெரிய பிரசங்கம் கிடையாது. ஒரு சிறிய வேதபகுதி, அதில் என்ன புரிந்தது என்று ஒவ்வொருவரும் இரண்டு வாக்கியம், பிறகு ஜெபம், ஒரு கீர்த்தனை. எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அப்பத்தா அங்கே சொல்லும் இரண்டு வாக்கியத்துக்காகவே நான் பஸ் ஏறிப் போவதுண்டு.

அவர்கள் ஒரு லெந்து காலத்துக்கு மட்டும் என்று சொல்லித் தொடங்கினார்கள். முடிந்ததும், தொடரலாமா என்று எல்லோரையும் கேட்டார்கள். விலக நினைத்தவர்கள் மன வருத்தமில்லாமல் விலகினார்கள். முடிவு தெரியாமல் தொடங்கும் குழுவிலிருந்து ஒருவர் விலகினால் அது சண்டையாகத்தான் பார்க்கப்படும். தேவகோட்டைப் பெண்ணிடம் இதைத்தான் அழுத்திச் சொன்னேன்: ஆறு வேண்டாம், ஒன்று போதும். அதையும் காலக்கெடுவோடு தொடங்குங்கள். குழுவின் பெயர், நடத்தும் இருவரின் பெயர், காலக்கெடு, பணம் கூடாது என்ற விதி, செலவு யாருடையது ஆகிய ஐந்தையும் கமிட்டித் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். ஆயர் மாறினால் அடுத்தவர் கையில் கொடுக்க அந்தத் தாள் வேண்டும். உங்கள் கைப்பணத்திலிருந்து எதையும் வாங்காதீர்கள். பாட்டுப் புத்தகத்தைக்கூட ஆலயத்திலிருந்து எடுத்துச் சென்று திருப்பிக் கொடுங்கள்.

இப்போது கானாடுகாத்தானிலிருந்து சில குடும்பங்கள் தங்கள் ஊரிலும் ஒரு குழு வேண்டும் என்று கேட்கிறார்கள். கோட்டையூரில் வேதபாடம் நடத்திப் பழகியவர் அங்கே போகச் சம்மதித்திருக்கிறார். அவரோடு சேர்ந்து நடத்த இன்னும் ஒருவர் வேண்டும். அவர் கிடைத்து, இருவரும் சில மாதங்கள் கோட்டையூருக்கு வந்து போன பிறகுதான் நாள் குறிக்க வேண்டும் என்று கமிட்டியில் பேசியிருக்கிறேன். இந்த முறை அது தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கிறது.